நொத்தேர் ஆபீசுக்கு ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர்

10 ஜூன் 1987, புதன்

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீசில் கம்ப்யூட்டர் இறக்கியாச்சு. மெட்ராஸ் கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு வந்து, வழவழ காகிதத்தில் படம் காட்டிவிட்டுப் போயிருந்தான். நான் படம் எதுவும் காட்டவில்லை. நொத்தேரை மரியாதையாக மெத்ர் என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். "மெத்ர், அவன் மிஷின் கெட்டுப்போனா நீங்க மெட்ராசுக்குத் தந்தி அடிக்கணும். என் மிஷின் கெட்டுப்போனா அம்மாவாசையை அனுப்புங்க. சாப்பிட்ட கையோட வந்து நிப்பேன்" என்றேன். அம்மாவாசை அங்கே பியூன். நொத்தேர் கோவிந்தராசு சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் வியாபாரம் முடிந்தது.

பூட்டியது ராஜாங்கம். டிப்ளமா படித்தவன், மெட்ராசில் இந்த வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உதிரி சாமான் வாங்கி வந்து என் ஃபேன் கடை மாடியில் வைத்துப் பூட்டுகிறான். நான் பழைய டேபிள் ஃபேனுக்குக் காயில் கட்டிக் கட்டி மேலே வந்தவன். எனக்கு உள்ளே இருக்கும் சில்லு எதுவும் புரியாது. விற்கத் தெரியும்.

தங்கச்சி ஹாஜிரா அதே ஆபீசில்தான் டைப்பிஸ்ட். ஒரு எழுத்து தப்பினால் முழுப் பக்கத்தையும் திருப்பி அடிக்கிற பாடு அவளுக்கு இனி இல்லை. ஒரே நாளில் ரெண்டு நல்ல காரியம்.

12 ஜூன், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தேன். ஹாஜிரா பிரியாணியைத் தொடவில்லை. கேட்டதற்கு வெயில் என்றாள்.

15 ஜூன், திங்கள்

வெயில் இல்லை. என் மிஷின்.

காலையில் ஆபீசுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். என் பெண்டாட்டி மஹ்பூபா இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. மூன்றாவது தடவை அவள் கேட்கிற விதத்துக்குச் சுவரே பதில் சொல்லிவிடும். அப்புறம்தான் ஹாஜிரா சொன்னாள்.

அவளுக்குச் சின்ன வயசில் நெஞ்சு நோய் வந்தது. ஊசி போட்டுப் போட்டு நெஞ்சைக் காப்பாற்றினார்கள், அந்த ஊசியாலேயே காது போனது. முழுசாக இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு மிஷினைச் சேலைக்குள் குத்திக்கொண்டு, ஒயரைக் காதில் செருகினால் பேச்சு கேட்கும். அதை வைத்தே கான்வென்டில் பிரெவே பரீட்சை வரை பிரெஞ்சு படித்தாள். நொத்தேர் நடந்துகொண்டே சொல்லுவார், இவள் டைப் அடிப்பாள். பத்திரம் பிரெஞ்சில் இருந்தாலும் இங்கிலீஷில் இருந்தாலும் தப்பு வராது.

"டைப்ரைட்டர் நான் தட்டுனாத்தான் சத்தம் போடும் அண்ணே. நான் கையை எடுத்தா அதுவும் வாயை மூடிக்கும். அப்ப அவர் சொல்றது கேக்கும். உன் கம்ப்யூட்டர் வாயையே மூட மாட்டேங்குது. காலைல ஆன் பண்ணா சாயங்காலம் வரைக்கும் ஒரே உறுமல். அவர் வாய் அசையுது. எனக்கு உறுமல்தான் வருது."

"சத்தமா பேசச் சொல்லேன்."

"காது மிஷினுக்கு அவர் சத்தமும் ஒண்ணுதான், உன் ஃபேன் சத்தமும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்துப் பெருசாக்கும்."

எனக்கு அது அவ்வளவு சத்தமாகவே படவில்லை. ஒரு சின்ன ஃபேன். கையளவு.

16 ஜூன், செவ்வாய்

பில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் ஆபீசுக்குப் போனேன். நொத்தேர் நல்ல மனுஷர்தான். வீட்டுப் பெரியவர் சாவைச் சொல்ல வந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சிராஜுதீன், மிஷின் பிரமாதம். ஆனா மாதாம் ஹாஜிராவுக்கு ஒத்து வரல. 'வெண்டர்'னு நான் சொன்னா 'வெண்டீ'னு அடிக்கிறாங்க. வித்தவர் வாங்கினவரா ஆயிடுறார். பத்திரத்துல இது விளையாட்டு இல்ல. ஆகஸ்ட்ல பிரான்சுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் லீவுல வந்து பத்திரம் எழுதக் குவிஞ்சிடுவாங்க. அதுக்குள்ள ஒரு வழி பண்ணணும். ராஜாம்பாள்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. அது கம்ப்யூட்டர்ல உக்காரட்டும். மாதாம் உள்ரூம்ல பைலைப் பாத்துக்கட்டும். யாரும் அவங்கள போகச் சொல்லல."

யாரும் போகச் சொல்லவில்லை. உள்ரூமில் ஜன்னல்கூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஹாஜிராவிடம் சொன்னேன்: விட்டுத் தள்ளு, கடைக்கு வா, கல்லாவில் உட்காரு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் கல்லாவுல உக்காந்தா நான் பாயோட தங்கச்சி. அங்க உக்காந்தா நான் மாதாம் ஹாஜிரா. நீ வேற யாருக்காச்சும் தர்மம் பண்ணு."

காது கேட்காத பெண் என்று ரெண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவதை அவளே வேண்டாம் என்றாள். அந்த ஆபீஸ் நாற்காலி ஒன்றுதான் அவளாகத் தேடிக்கொண்டது. அதற்கடியில் நானே வெட்டுக்குழி தோண்டி, டெலிவரி சலான் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

18 ஜூன், வியாழன்

கடை மாடியில் அதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜிராவை வரச் சொன்னேன். "அந்த ஒயரைக் கொடு, என் காதுல வெச்சிப் பாக்குறேன்" என்றேன். ராஜாங்கம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

வைத்ததும் பிடுங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்க, நடுவில் நின்று ஒருத்தன் பேச்சைக் கேட்கிற மாதிரி. எதிரில் ராஜாங்கம் ஏதோ சொன்னான். உதடு மட்டும் தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டா இவள் நான்கு நாள் பத்திரம் அடித்தாள்?

20 ஜூன், சனி

ஃபேன் தானே பிரச்சினை. ஃபேன் வியாபாரியிடமே ஃபேன் வாலாட்டுமா? வீட்டு ஃபேன் சத்தம் போட்டால் என்ன செய்வோம் — ரெகுலேட்டரில் குறைப்போம். ஆபீஸ் மிஷினைக் கடைக்கு எடுத்து வந்து அதே மாதிரி ஒரு ரெசிஸ்டன்சைக் கோத்தேன். பாதி வேகம். உறுமல் அடங்கியது.

ராஜாங்கம் பிடிவாதமாக மறுத்தான். "அண்ணாச்சி, இது மனுஷனுக்குக் காத்து வாங்குற ஃபேன் இல்ல. பவர் சப்ளைக்குள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுற ஃபேன். குறைச்சா வேகும்."

"வெந்தா பாத்துக்கலாம்" என்றேன். என் கடை, என் மிஷின். கொண்டுபோய் வைத்தோம். ஹாஜிரா முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

24 ஜூன், புதன்

வெந்தது.

மத்தியானம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் பாதியில் இருக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம். அடித்தது எல்லாம் போச்சு. ஹாஜிரா பழைய டைப்ரைட்டரை இழுத்து முதலிலிருந்து அடித்திருக்கிறாள். நொத்தேர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலாம்.

பழையபடி வேகத்தை ஏற்றிவிட்டு வந்தேன். உறுமல் திரும்பியது.

ராஜாங்கத்திடம், "நீ சொன்னது சரி" என்றேன். "தெரியும் அண்ணாச்சி" என்றான். அதோடு விட்டான். நல்ல பையன்.

27 ஜூன், சனி

முறையாக உட்கார்ந்தோம். எது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளக்கக் கருவி எதுவும் நம்மிடம் இல்லை. ஹாஜிராவின் காது மிஷின்தான் கருவி. நமக்குக் கேட்பது முக்கியமில்லை, அதற்குக் கேட்பதுதான் முக்கியம்.

ஒவ்வொன்றாகக் கழட்டி ஓட்டினோம். ஃபேனை வெறுமனே கையில் பிடித்தால் சத்தம் குறைவு. பெட்டியில் பூட்டினால் எகிறுகிறது. காரணம் இரண்டு. பின்பக்கத் தகரத்தில் கம்பி கம்பியாகக் கோடு வெட்டி அதற்குள்ளே காற்றை அடிக்கிறார்கள், அது சீறுகிறது. இன்னொன்று, ஃபேன் ஆட்டத்தில் முழு இரும்புப் பெட்டியும் சேர்ந்து அதிர்கிறது.

மஹ்பூபா டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். "இடியாப்பப் பானை மூடி தடதடன்னு ஆடுனா நடுவுல துணி வைக்கிறோமில்ல. இதுக்கு இன்னா ஆராய்ச்சி?"

ராஜாங்கம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சைக்கிள் கடையிலிருந்து பழைய ட்யூப் வாங்கிவந்து வளையம் வளையமாக வெட்டினேன். ஸ்க்ரூவுக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர்.

"கொறஞ்சிருக்கு" என்றாள் ஹாஜிரா. "ஆனா ஒரு கொசு கத்துது."

எங்களுக்கு எந்தக் கொசுவும் கேட்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் ஹார்ட் டிஸ்க். அதையும் தகரத்தில் இறுக்காமல் ட்யூப் பட்டையில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டோம். கொசு செத்தது.

3 ஜூலை, வெள்ளி

மெட்ராஸ் போய் வந்தேன். ரிச்சி தெருவில் கால் வீங்கிவிட்டது.

தேடியது பெரிய ஃபேன். இது ராஜாங்கத்துக்கு நான் சொன்ன விஷயம்: சின்ன ரெக்கை வேகமாகச் சுற்றிக் கத்திக்கொண்டு தள்ளுகிற காற்றைப் பெரிய ரெக்கை நிதானமாகத் தள்ளிவிடும். சீலிங் ஃபேன் கத்தாததும் டேபிள் ஃபேன் கத்துவதும் அதனால்தான். "அப்ப இருபத்திநாலு வோல்ட் ஃபேனா பாருங்க, நான் பன்னெண்டு வோல்ட் கொடுத்து ஓட்டுறேன். பிறக்கும்போதே நிதானமா இருக்கும்" என்று அவன் சேர்த்தான். ரெண்டு பேர் மூளையும் ஒரு பக்கமாக இழுத்தது இன்றுதான் முதல் தடவை.

கப்பல் சாமான் பிரித்து விற்கிறவனிடம் கிடைத்தது. ஒரு கூடை நிறைய. கடைக்காரன் மேலாக இருந்ததை எடுத்து நீட்டினான். நான் வாங்காமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் சுற்றிவிட்டுக் காதோரம் வைத்துக் கேட்டேன். மணல் அரைக்கிற மாதிரி வந்தால் பேரிங் போய்விட்டது. "பாய், ஃபேன் வாங்க வந்தியா, ரேடியோ கேக்க வந்தியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ரெண்டு தேறியது.

9 ஜூலை, வியாழன்

புது ஃபேன் பழைய ஓட்டையில் போகவில்லை. தகரத்தை வட்டமாக வெட்டிவிட்டேன், கம்பிக் கோடெல்லாம் ஒழிந்தது. பவர் சப்ளைக்குள் சூடாகிற இடத்தில் பெரிய அலுமினியத் தகடு. மஹ்பூபா பெட்டிக்குள்ளே கம்பளி ஒட்டலாம் என்றாள், ராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டான் — காற்று போகிற வழியை அடைக்கக்கூடாதாம்.

இது கடை மிஷினில்தான். ஆபீஸ் மிஷினில் செய்யவேண்டும். ராஜாம்பாள் கம்ப்யூட்டரில் உட்கார ஆரம்பித்துவிட்டாளாம். ஹாஜிரா சொன்னபோது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

14 ஜூலை, செவ்வாய்

பிரெஞ்சுக்காரர்கள் பண்டிகை. நொத்தேர் கோட்டு மாட்டிக்கொண்டு பிரெஞ்சுத் தூதர் இருக்கிற கொன்சுலாவுக்குப் போய்விட்டார், ஆபீஸ் லீவு. அம்மாவாசையைப் பிடித்து மிஷினைக் கடைக்குத் தூக்கி வந்தோம். காலையிலிருந்து வேலை.

சாயங்காலம் எல்லாம் பூட்டி முடித்து, ஹாஜிராவை மேசை முன்னால் உட்கார வைத்தோம். அவள் காது மிஷினைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டி, காத்திருந்தாள். நாங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பதான் ஆன் பண்ணுவீங்க?" என்றாள்.

ராஜாங்கம் திரையை மட்டும் போட்டான். எழுத்து ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அவள் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அதன் பின்பக்கம் கையை நீட்டினாள். காற்று வந்துகொண்டிருந்தது.

நான் முதுகுப்பக்கம் நின்று ஒரு பழைய பத்திரத்தைப் படித்தேன். வேகமாக, மென்று மென்று, நொத்தேர் மாதிரியே. ஒரு இடத்தில்தான் நிறுத்திக் கேட்டாள். அது நான் தப்பாகப் படித்த இடம்.

15 ஜூலை, புதன்

திருப்பி வைத்தாச்சு. நொத்தேர் வந்து காதைப் பெட்டியருகே வைத்துப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கா?" என்றார்.

ஹாஜிரா நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள்.

1 ஆகஸ்ட், சனி

ஒரு புகாரும் இல்லை. சூடும் இல்லை. நானே அடிக்கடி போய்த் தொட்டுப் பார்க்கிறேன். அம்மாவாசை, "பாய், கொழந்தைக்குக் காய்ச்சலா?" என்கிறான்.

10 ஆகஸ்ட், திங்கள்

எரிஞ்சிடுச்சி.

மூணு மணிக்கு அம்மாவாசை ஓடி வந்தான். வாய் குழறுது. போய்ப் பார்த்தா ஆபீஸ் முழுக்கக் கருகின நாத்தம். பவர் சப்ளை போச்சு. மிஷின் மேல போட்டிருந்த உறைத் துணி பின்பக்கம் பழுப்பேறி ஓட்டை விழுந்து கிடக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மரச் சட்டம், பத்திரம், எல்லாம் பத்தியிருக்கும். 

நடந்தது இதுதான். நம்ம ஊர் வழக்கம், மத்தியானம் ஆபீசை மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறது. அது பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மச்சிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அதனால கிளம்புறதுக்கு முன்னால அம்மாவாசை ஒவ்வொரு டைப்ரைட்டருக்கும் துணி உறை போடுவான். வருஷக்கணக்கா அதுதான் அவன் கடைசி வேலை. கம்ப்யூட்டருக்கும் கான்வென்டில் பூ வேலை செஞ்ச கனமான உறை ஒண்ணு தச்சிருந்தாங்க. ஹாஜிரா இன்னிக்கு லுஹர் தொழுகைக்கு நேரமாச்சுன்னு திரையை மட்டும் அணைச்சிட்டுக் கிளம்பிட்டா. பெட்டி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அவன் அது மேல உறையை இழுத்துக் கட்டிட்டுப் போயிட்டான். காத்து போக வழியில்லை. நான் அவ்வளவு பாடுபட்டு வெட்டின அந்த ஓட்டையை அந்தப் பூ வேலைத் துணி அடைச்சிடுச்சி.

முன்னே உறுமினபோது யார் அணைக்க மறந்தாலும் அம்மாவாசை காதுக்கே கேட்கும். "அக்கா, உங்க மோட்டார் ஓடுது"ன்னு கூப்பிடுவானாம்.

அப்போ எரிச்சது யாரு? நான்தானே? சத்தத்தை எடுத்தவன் நான்.

பாரிஸ்லேருந்து வந்த ஒரு குடும்பத்தோட பத்திரம் அதுக்குள்ளே இருந்தது. சனிக்கிழமை அவங்களுக்கு விமானம். அவங்க வீட்டம்மா வாசல்ல நின்னு விசிறிக்கிட்டே என்னை மேலும் கீழும் பார்த்தா. நொத்தேருக்கு முகம் சிவந்து போச்சு. "நாளைக்கே வந்து இந்த மிஷினைத் தூக்கிடுங்க. இல்ல, பழைய சத்தம் போடுற மிஷினையே வைங்க, ராஜாம்பாள் பாத்துக்கும். மாதாமுக்காக மாத்தினோம், ஆபீசே போயிருக்கும்."

"என் தப்பு மெத்ர், நான் அணைக்கல" என்றாள் ஹாஜிரா.

"இல்லிங்க, நான்தான் உறை போட்டேன். தொட்டுப் பாத்திருக்கணும்" என்றான் அம்மாவாசை.

"நீ சும்மா இரு அம்மாவாசை."

"நீங்க சும்மா இருங்கக்கா."

சண்டை போட்டுக்கொண்டு பழியைத் தங்கள் பக்கம் இழுக்கிற ரெண்டு பேரை நான் கடைத்தெருவில் பார்த்ததே இல்லை. நொத்தேர் உள்ளே போய்விட்டார்.

11 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் ஹாஜிராவிடம் கேட்டுவிட்டேன். "மிஷினைத் தூக்கிட்டு வந்துடட்டுமா? பழையபடி டைப்ரைட்டர்தான்னா உன் நாற்காலிக்கு ஆபத்து இல்ல. நான் இன்னொரு ஆபீசுக்கு வித்துக்குறேன்." இது உண்மையிலேயே நல்ல யோசனை. வியாபாரிக்கும் நஷ்டமில்லை, அவளுக்கும் நஷ்டமில்லை.

"தூக்கிட்டு வந்தா உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"மூணு வாரத்துக்கு மேல அதுல வேலை பாத்தேன். ஒரு எழுத்து தப்புனா ஒரு எழுத்தைத்தான் மாத்துனேன். கழுத்து வலி இல்லாம வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் என்னை அந்தப் பழைய இரும்புல கொண்டுபோய்க் கட்டுறியா?"

சொல்லிவிட்டு அதே பழைய இரும்பில் அடிக்கக் கிளம்பிப் போனாள். பாரிஸ் குடும்பத்துப் பத்திரத்தை முதலிலிருந்து. ராஜாம்பாள் படித்துக் காட்ட, இவள் அடிக்க.

12 ஆகஸ்ட், புதன்

ராஜாங்கம் ஒரு யோசனை கொண்டுவந்தான். சூடு ஏறினால் மணி அடிக்கிற மாதிரி ஒரு சர்க்யூட்.

"சத்தமே கூடாதுன்னு சைக்கிள் ட்யூபெல்லாம் வெட்டிக் கட்டியாச்சு. இப்ப மணி வெக்கச் சொல்றியா?" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க."

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பெட்டி மேலேயே ஒரு விளக்கு வைத்தால் உறை அதையும் மூடிக்கொள்ளும். மத்தியானம் ஆபீஸ் மூடுகிற நேரம் பார்த்துப் போய், ஓரமாக நின்று அம்மாவாசை என்ன செய்கிறான் என்று கவனித்தேன். ஜன்னல் சாத்தினான். உறை போட்டான். சாவியை எடுத்தான். கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்சில் கூரை ஃபேனை அணைத்தான். கதவை இழுத்தான்.

எது கடைசியாக அணைகிறதோ அங்கே வைக்கவேண்டும். இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கான ஒயரை மேசையிலிருந்து சுவரோரமாகக் கொண்டுபோய், கூரை ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். அதற்கு மேல் எக்ஸ்ரே ரூம் வாசலில் இருக்கிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. ஓடினால் எரியும். கதவை இழுக்கிற ஆளின் மூக்குக்கு நேராக.

அம்மாவாசையிடம் கேட்டேன், புரிகிறதா என்று. "சிவப்பு எரிஞ்சா அக்காவைக் கேக்காம கதவு மூட மாட்டேன், அவங்க இல்லன்னா போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றான். "உறை?" என்றேன். "விளக்கு அணைஞ்ச பொறவுதான் உறை. இனிமே உறைதான் கடைசி."

14 ஆகஸ்ட், வெள்ளி

பாரிஸ் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. பத்திரத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லையாம். அந்த விசிறி அம்மா ஹாஜிராவிடம் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாளாம்.

அந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன், பில் புத்தகம் எதுவும் இல்லாமல். "மெத்ர், புது பவர் சப்ளை என் செலவு. சுவிட்ச், விளக்கு, எல்லாம் என் செலவு. மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஒரு குறை வந்தாலும் நானே தூக்கிட்டுப் போறேன், காசும் வேணாம்" என்றேன். கடையில் இப்படி ஒரு பேரத்தை வேறு எவனாவது பேசினால் பைத்தியம் என்பேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க தங்கச்சிக்காக கேக்குறீங்களா, வியாபாரத்துக்காக கேக்குறீங்களா?"

"ரெண்டுக்கும்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"மாசக் கடைசி" என்றார்.

22 ஆகஸ்ட், சனி

நொத்தேரே ஒரு நாள் மத்தியானம் வேண்டுமென்றே கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெளியே வந்து நின்றாராம். அம்மாவாசை கதவைப் பிடித்துக்கொண்டு, "மெத்ர், சாப்பாடு ஆறுனா எனக்குத் தெரியாது. சிவப்பு எரியுது. நான் மூட மாட்டேன்" என்றானாம். ஹாஜிரா இதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. மஹ்பூபா தலையில் தட்டினாள்.

1 செப்டம்பர், செவ்வாய்

மாசக் கடைசி போய்விட்டது. நொத்தேர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் இல்லை.

ராஜாம்பாள் இப்போது ஹாஜிராவிடம் பிரெஞ்சுப் பத்திர நடை கற்றுக்கொள்கிறாளாம். "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது அதுக்கு. கேட்டதை எழுதத்தான் தெரியல" என்றாள் ஹாஜிரா. இரக்கமே கிடையாது அவளுக்கு.

18 நவம்பர், புதன்

ரெண்டு நாளாக மழை. கடையில் ஈ ஓட்டுகிற வேலை. இந்த நேரத்தில் முடித்துவிடலாம் என்று நொத்தேர் ஆபீசுக்குப் போனேன்.

விஷயம் மஹ்பூபா ஆரம்பித்தது. வீட்டு மாடியில் ரெண்டு அறை கட்டினோமே, அதில் ஒன்றை ஹாஜிரா பேருக்கு எழுதிவிடுங்கள் என்றாள். நாளைக்கு நாம் இல்லாமல் போனால் அவள் யாரிடமும் கேட்டு நிற்கக்கூடாது. எனக்கும் அது மனசில் இருந்ததுதான், பெண்டாட்டி முந்திக்கொண்டாள். ஆனால் ஹாஜிராவிடம் சொன்னால் தர்மமா என்று குதிப்பாள். எழுதி முடித்து, பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் குதித்து என்ன செய்வாள் என்று கணக்குப் போட்டேன்.

நொத்தேர் அறைக்குள் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே அவள் முதுகு தெரிந்தது, கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் சிவப்பு விளக்கு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் நாற்காலியை நகர்த்தி, நொத்தேர் மேசை மேல் குனிந்து, ரகசியமாகச் சொன்னேன்: "மெத்ர், இது தங்கச்சிக்கு இப்பத் தெரிய வேணாம். டைப்புக்குக் கொடுக்காம நீங்களே கையால எழுதிடுங்க. மாடியில ஒரு ரூம்—"

அவர் தலையாட்டிப் பேனாவைத் திறந்தார்.

வெளியே விரல் சத்தம் நின்றது.

"கிழக்கு ரூமா மேற்கு ரூமா அண்ணே?" என்றாள், திரும்பாமலே. "கிழக்குன்னா சரி. மேற்கு வெயில் எனக்கு ஆகாது."

நொத்தேர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கிழக்கு என்றேன்.

அவள் திரையில் புதுப் பக்கம் எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.